ஓடாத குதிரையின் கணக்கு



இந்த மாதம் வந்த கடிதங்களில், கீழவைப்பாரிலிருந்து வந்த ஒன்று எங்கள் அலுவலகத்தையே இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள், மாமன் மச்சான் முறை. விளாத்திகுளம் பக்கம் கோயில் கொடைக்கு மாட்டு வண்டிப் பந்தயம் அறிவித்திருக்கிறார்கள். சின்ன மாட்டுப் பிரிவில் பேர் பெற்ற ஒரு ஜோடி ஓடப்போவதாக நோட்டீசும் வந்துவிட்டது. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே, அந்த ஜோடிக்குத்தான் முதல் பரிசு என்று மாமன் இரண்டாயிரம் ரூபாய் கட்டினார். கிடைக்காது என்று மச்சானும் இரண்டாயிரம் வைத்தார். பந்தயத்தன்று காலையில் மைக்கில் சொன்னார்கள்: ஒரு மாட்டுக்கு முன்னங்காலில் வீக்கம், வண்டி பூட்டவில்லை.

"முதல் பரிசு வாங்கலைல்லா, துட்டை வையும்" என்கிறார் மச்சான். "ஓடாத மாடு எப்படிவே தோக்கும்?" என்கிறார் மாமன். கடிதத்தின் அடியில் ஒரு வரி: "அண்ணாச்சி, நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

சிரித்துவிட்டு மடித்து வைக்கிற கடிதம் இல்லை இது. இதே வழக்கு அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலரோடு நடந்திருக்கிறது. லண்டனில் இதற்கென்று விதிப் பட்டியலே உண்டு. நம் கடற்கரையில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாண்டியன் கஜானாவை வைத்து இதே கேள்விக்கு ஒரு பதில் எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தீர்ப்புக்கு வருவோம்.

2023 மே 6, சனிக்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி. மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயம்; ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதில் ஓட வாய்ப்பு. அந்த ஆண்டு எல்லோர் வாயிலும் இருந்த பெயர் ஃபோர்ட்டே. முந்தைய ஆண்டு இரண்டு வயதுக் குதிரைகளில் அதுதான் சாம்பியன். ஃபுளோரிடா டெர்பியையும் வென்றுவிட்டு வந்திருந்தது. பந்தயத்துக்கு முன் வெளியாகும் மதிப்பீட்டில், ஒன்றுக்கு மூன்று என்ற விலையில் முதலிடம். சனிக்கிழமை காலையில் மாநிலப் பந்தய ஆணையத்தின் கால்நடை மருத்துவர் அதன் வலது முன்னங்குளம்பைப் பார்த்தார். அடியில் கன்றிப்போயிருந்தது. ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஓட்டலாம் என்றுதான் குதிரைக்காரர்கள் தரப்பு நம்பியது. ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை. 30 லட்சம் டாலர் பரிசுப் பணம் உள்ள பந்தயம், வெல்பவருக்கு மட்டும் 18 லட்சத்து 60 ஆயிரம். அதை விட்டுவிட்டுக் குதிரையைக் கொட்டகையில் கட்ட வேண்டியதாயிற்று.

அந்த வாரத்தில் விலக்கப்பட்ட ஐந்தாவது குதிரை அது. இரண்டு குதிரைகளுக்குக் காய்ச்சல். கடைசியில் 18 குதிரைகள் ஓடின. ஒன்றுக்குப் பதினைந்து என்ற விலையில் இருந்த மேஜ் என்ற குதிரை வென்றது. அதை ஓட்டிய ஜாக்கி ஹாவியர் காஸ்டெயானோ அதுவரை 15 முறை அந்தப் பந்தயத்தில் இறங்கி ஒரு முறைகூட வெல்லாதவர்.

சரி, ஃபோர்ட்டே மேல் பணம் கட்டியவர்கள் கதி என்ன? அது எந்த ஜன்னலில் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. விவகாரமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் டோட். கிண்டி ரேசுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லோரும் கட்டுகிற பணம் ஒரே குவியலாகச் சேரும். அரசு வரியும் கிளப்பின் கழிவும் போக மிச்சத்தை, ஜெயித்த குதிரை மேல் கட்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். விலகிய குதிரைக்கான பணம் அப்படியே திரும்பிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு குதிரை மேல் கட்டியவரைப் பாருங்கள். குவியலில் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40,000 நட்சத்திரக் குதிரை மேல். உங்கள் குதிரை மேல் எல்லோருமாகக் கட்டியது 10,000. கழிவை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால், உங்கள் குதிரை ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 1,000 ரூபாய் வரும். நட்சத்திரக் குதிரை விலகியதும் 40,000 வெளியே போய்விடுகிறது. மிச்சம் 60,000. இப்போது உங்கள் 100 ரூபாய்க்கு 600தான். ஜெயிக்கிற வாய்ப்பு கூடிவிட்டது. ஜெயித்தால் வருகிற பணம் குறைந்துவிட்டது. நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை, யாரோ ஒருவருடைய குதிரையின் குளம்பு உங்கள் கணக்கை மாற்றி எழுதிவிட்டது.

அடுத்தது புக்கி. டோட்டில் விலை கடைசி நிமிடம் வரை மாறிக்கொண்டே இருக்கும். புக்கியிடம் கட்டும்போது பேசிய விலைதான் விலை. நட்சத்திரக் குதிரை களத்தில் இருக்கும்போது உங்கள் குதிரைக்கு ஒன்றுக்குப் பத்து என்று பேசியிருப்பார். அது விலகிய பிறகும் அதே பத்து என்றால் புக்கி துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். இதற்காக இங்கிலாந்தில் டாட்டர்சால் விதிகளில் நான்காம் விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். விலகிய குதிரையின் விலை என்னவோ, அதற்கு ஏற்ப ஜெயித்தவர்களின் லாபத்தில் பிடித்தம் செய்வார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற விலையில் இருந்த குதிரை விலகினால் ரூபாய்க்கு 25 காசு. ஒன்றுக்கு ஒன்று என்றால் 45 காசு. ஒன்றுக்குப் பதினான்கைத் தாண்டிய குதிரை விலகினால் பிடித்தமே கிடையாது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான் என்று பொருள். நீங்கள் 100 ரூபாய் கட்டி 1,000 ஜெயித்திருந்தால், அந்த முதல் கணக்குப்படி லாபமாக 750தான் கைக்கு வரும். விலகிய குதிரை மேல் கட்டியவருக்கு முழுப்பணமும் திரும்பும். ஆக, நட்டத்தை ஜெயித்தவர்கள் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கிற ஏற்பாடு இது.

மூன்றாவது வகைதான் வயிற்றெரிச்சல். பந்தயத்துக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே கட்டுவது. அப்போது விலை அதிகமாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாக, குதிரை அன்றைக்கு ஓடுமா என்ற ஆபத்தையும் நீங்களே சுமக்கிறீர்கள். காய்ச்சல் வந்தாலும் கால் வீங்கினாலும் கட்டிய பணம் போனது போனதுதான். விலகினால் பணம் திரும்பும் என்று முன்னாலேயே பேசிக் கட்டினால் உண்டு. ஆனால் அப்போது விலையைக் குறைத்துத்தான் தருவார்கள். கென்டக்கி டெர்பிக்கே முன்கூட்டிக் கட்டும் டோட் உண்டு. அதிலும் விலகிய குதிரைக்குப் பணம் திரும்புவதில்லை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இவர்களுக்காகவே சொன்ன பழமொழி. மேலே ஏறுவதற்கு முன்பே இவர்களைத் தள்ளிவிடுகிறது என்பதுதான் வித்தியாசம்.

இன்னும் சின்னச் சின்னக் கண்ணிகள் இருக்கின்றன. பிளேஸ் கட்டுகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குதிரை ஓடினால் மூன்று இடங்களுக்குப் பணம், ஐந்து முதல் ஏழு வரை ஓடினால் இரண்டு இடங்களுக்குத்தான் என்பது இங்கிலாந்து வழக்கம். எட்டில் ஒன்று கடைசி நேரத்தில் விலகினால் மூன்றாம் இடத்துக்குக் கட்டியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஜாக்பாட் போலத் தொடர்ந்து நாலைந்து பந்தயங்களுக்கு ஒரே சீட்டில் கட்டுகிறவர்களுக்கு, விலகிய குதிரைக்குப் பதிலாக அந்தப் பந்தயத்தில் அதிகப் பணம் விழுந்த குதிரையைச் சேர்த்துவிடுவது பல ஊர்களில் விதி. நீங்கள் கனவிலும் கட்டியிருக்காத குதிரை உங்கள் சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பணத்தை விட்டுவிட்டுப் பந்தயத்தைப் பார்ப்போம். நட்சத்திரம் இல்லாத பந்தயம் என்ன ஆகிறது?

2012இல் ஐல் ஹேவ் அனதர் என்று ஒரு குதிரை. கென்டக்கி டெர்பியை வென்றது, இரண்டு வாரத்தில் ப்ரீக்னெசையும் வென்றது. மிச்சம் பெல்மான்ட். மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரை 1978க்குப் பிறகு அதுவரை அமெரிக்காவில் இருந்ததில்லை. முப்பத்து நாலு வருடக் காத்திருப்பு. ஜூன் 9 பந்தயம்; ஜூன் 8 அன்று இடது முன்னங்காலின் தசைநாணில் வீக்கம் என்று சொல்லி விலக்கிவிட்டார்கள். முதல் இரண்டையும் வென்றுவிட்டு மூன்றாவதில் இறங்காத குதிரை 1936க்குப் பிறகு அதுதான். மறுநாள் எண்பதாயிரத்துக்கு மேல் கூட்டம் கூடத்தான் செய்தது. யூனியன் ராக்ஸ் என்ற குதிரை நல்லபடியாக ஓடி வென்றது. ஆனால் இன்றைக்கும் அந்த ஆண்டு பெல்மான்ட் என்றால் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஓடாத குதிரையின் பெயர்தான். ஜெயித்தவர்மேல் விழுகிற இந்த நிழல் நியாயமில்லாதது. களத்தில் இருந்தவர்களைத்தான் ஜெயிக்க முடியும். வராதவரை ஜெயிக்க யாராலும் முடியாது.

ஓட்டத்தின் போக்கும் மாறும். ஆரம்பத்திலேயே முன்னால் பாய்கிற குதிரை விலகினால் மற்றவை மெதுவாகப் புறப்படும். கடைசியில் பாய்கிற குதிரைகளுக்கு அது பாதகம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அதிகப் பணம் விழுகிற குதிரை ஜெயிப்பது சுமாராக மூன்று பந்தயத்துக்கு ஒன்றுதான். நட்சத்திரக் குதிரை ஓடியிருந்தால் கட்டாயம் ஜெயித்திருக்கும் என்று பேசுகிறவர்கள், மிச்ச இரண்டு பந்தயங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஃபோர்ட்டே விலகிய பிறகு அதிகப் பணம் விழுந்த ஏஞ்சல் ஆஃப் எம்பயர் மூன்றாவதாகத்தான் வந்தது.

விலக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2006இல் டெர்பியை வென்ற பார்பரோ, ப்ரீக்னெஸ் புறப்படும் முன்பே கதவை முட்டிக்கொண்டு வெளியே ஓடியது. பிடித்து, பார்த்து, திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வலது பின்னங்கால் நொறுங்கியது. எட்டு மாதம் மருத்துவம் பார்த்தும் பயனில்லாமல் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். கதவில் முட்டியதுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அதை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ற கேள்வி நிற்கத்தானே செய்யும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பையில் 2020இல் ஆன்டனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து செத்தது. அடுத்த ஆண்டிலிருந்து வெளிநாட்டுக் குதிரைகளுக்கு சி.டி. ஸ்கேன் கட்டாயமாயிற்று. 2024இல் அந்த ஸ்கேனைப் பார்த்துத்தான், கோப்பையை வெல்லும் என்று பலரும் பணம் கட்டியிருந்த அயர்லாந்துக் குதிரை யான் புரூகலைப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு விலக்கினார்கள். பயிற்சியாளர் ஏடன் ஓபிரையன் கொதித்துப்போனார். பந்தயத்தில் ஒன்றுக்குத் தொண்ணூறு என்ற விலையில் கிடந்த நைட்ஸ் சாய்ஸ் மயிரிழையில் வென்றது. யான் புரூகல் என்ன ஆயிற்று? 2025 ஜூனில் இங்கிலாந்தில் கொரனேஷன் கோப்பையை வென்றது. ஃபோர்ட்டேயும் அதே 2023 ஜூனில் பெல்மான்டில் இறங்கி இரண்டாவதாக வந்தது. ஓடாமல் நின்ற குதிரைகளுக்கு அடுத்த பந்தயம் என்று ஒன்று இருந்தது.

இதற்கும் கீழவைப்பாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி முகத்துவாரத்தில் பழையகாயல் இருக்கிறது. இன்றைக்கு உப்பளமும் முள்காடும். 13ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய துறை. மார்க்கோ போலோ அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்த வியாபாரத்தின் கணக்கையே தருகிறார். பாண்டிய நாட்டுக் கரைக்கும் மற்ற துறைகளுக்குமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். மொத்தம் 22 லட்சம் தினார். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: வழியில் குதிரைக்குக் காயம் பட்டாலும், கடலிலேயே செத்துப்போனாலும், அதன் விலையைப் பாண்டியன் கஜானா கொடுத்துவிட வேண்டும்.

வந்து சேராத குதிரைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு நம் கரையின் பழைய பதில் அதுதான். அரசன் கொடுப்பான். பெருந்தன்மை போலத் தெரிகிறது. ஆனால் விற்கிறவன் பக்கம் நின்று பாருங்கள். குதிரை உயிரோடு வந்தாலும் 220 தினார், செத்தாலும் 220 தினார். கப்பலில் அதற்குத் தண்ணீர் வைக்க வேண்டும், கால் வீங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறை அவனுக்கு எங்கிருந்து வரும்? கரையில் இறங்கிய பிறகும் குதிரைகளின் பாடு நல்லபடியாக இல்லை. பச்சைத் தானியத்துக்குப் பதில் வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்தார்கள், நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தார்கள், பழக்காமலே ஏறி ஓட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். குதிரைகள் சீக்கிரம் செத்தன. புதுக் குதிரைகள் வந்துகொண்டே இருந்தன. மார்க்கோ போலோ ஒரு படி மேலே போகிறார்: குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள், குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் என்கிறார்.

பாண்டியன் பணத்தை வாங்கிக்கொண்டு குதிரை வராமல் போன இன்னொரு கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதில் நரி பரியாகி வந்து, ராத்திரியே மறுபடி நரியாயிற்று. புராணத்தில் அந்தக் கணக்கை இறைவன் தீர்த்துவைத்தான். காயல் துறையில் தீர்த்தது பாண்டியன் கஜானா.

இந்தக் கரையின் இன்னொரு பெரிய பந்தயம் முத்துக்குளிப்பு. பிரிக்காத சிப்பியைக் குவித்து வைத்து ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று எடுக்கிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. அங்கே வராமல் போவது சிப்பியே. முத்துப்பாரில் இந்த வருடம் கொள்ளையாகக் கிடந்த இளஞ்சிப்பி, முதிர்ந்து எடுக்கிற பருவத்துக்குள் தடமே இல்லாமல் போய்விடும். எதிர்க்கரையில் இலங்கை முத்துப்பார்களில் 1905இல் வரலாறு காணாத குளிப்பு. அந்த ஆசையில் லண்டனில் ஒரு கம்பெனி சேர்ந்து, 1906இல் இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். இரண்டு பருவம் கிடைத்தது, பிறகு சிப்பி கைவிட்டது, கம்பெனியும் மூடியது. நட்டம் முழுக்கக் கட்டியவர் தலையில். நம் தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

அந்த முத்துக்குளிப்பிலும் பந்தய மைதானத்து மருத்துவரைப் போல ஒருவர் இருந்தார். கடல்கட்டி என்பார்கள். சுறாவின் வாயைக் கட்டுகிறவர் என்று நம்பிக்கை. அவர் சொல்லாமல் குளியாளிகள் இறங்கமாட்டார்கள். அவருடைய மந்திரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் வெள்ளைக்கார அரசாங்கம்கூட அவருக்குக் கூலி கொடுத்துத் துறையில் வைத்திருந்தது. வள்ளத்துக்காரனுக்கும் வியாபாரிக்கும் அவசரம் இருக்கும். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம், அந்த அவசரம் இல்லாத ஒருவரிடம் இருந்தது.

எனக்கு இதிலெல்லாம் தெரிவது ஒன்றுதான். கடைசி நேரத்தில் ஒரு மிருகத்தை விலக்குகிற செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே அந்த மிருகத்தின் கால் தப்பும். செத்தாலும் விலை உண்டு என்றால் விற்கிறவன் கவனிக்கமாட்டான். விலக்கினால் எல்லாம் போயிற்று என்றால் உடையவன் நொண்டலை மறைப்பான். செலவைப் பலர் தலையில் பிரித்து வைத்து, முடிவைப் பணம் கட்டாத ஒருவர் கையில் கொடுத்தால்தான் குளம்பைத் தூக்கிப் பார்க்க யாருக்காவது மனம் வரும்.

நம் மாநிலத்தில் குதிரைப் பந்தயம் என்றாலே வழக்கு ஞாபகம் வரும். 1974இல் தமிழ்நாடு அரசு அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று சொன்னது. 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையையே அரசு ரத்து செய்து முத்திரை வைத்தது; அது வேறு வழக்கு. நம் மாட்டு வண்டிக்கும் ஒரு வழக்கு உண்டு. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டோடு சேர்ந்து அதுவும் நின்றது. 2017இல் மாநிலச் சட்டத் திருத்தத்தால் ஜல்லிக்கட்டு திரும்ப வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. மிருகவதை இல்லாமல் நடத்துவோம் என்று சொல்லித்தான் அந்த உரிமையை வாங்கினோம். நொண்டுகிற மாட்டைப் பூட்டினால் அந்த வாக்கு என்ன ஆவது?

கொடைக்காலத்தில் விடியற்காலையில் பந்தயச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக லாரியிலிருந்து இறங்கும். சாரதி முதலில் மாட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து முன்னங்காலைப் பிடித்துக் குளம்புக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். சூடு இருந்தால் அவர் முகமே சொல்லிவிடும். லாடத்தைத் தட்டிப் பார்ப்பார், பத்தடி நடத்திப் பார்ப்பார். பின்னால் நிற்கிற உடையவருக்கு நுழைவுக் கட்டணம், லாரி வாடகை, ஊரிலிருந்து வேனில் வந்த சொந்தபந்தம், நோட்டீசில் அடித்த பேர், எல்லாம் கண்முன் ஓடும். "போக வர ஆறு மைல்தானே, ஓடிரும்" என்று பக்கத்தில் ஒரு குரல் எப்போதும் இருக்கும். அந்தக் குரலைக் கேட்காமல் பூட்டாங்கயிற்றைச் சுருட்டி வண்டிக்குள் போடுகிற மனிதருக்கு எந்தக் கமிட்டியும் மாலை போடுவதில்லை. ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் பயந்துட்டான் என்கிறார்கள்.

இப்போது தீர்ப்பு. கீழவைப்பார் மாமனுக்கும் மச்சானுக்கும்.

டோட் வழக்கப்படி பார்த்தால் மாமன் பக்கம் நியாயம்: மாடு ஓடவில்லை, பந்தயமே செல்லாது, அவரவர் பணம் அவரவருக்கு. ஆனால் நீங்கள் கட்டியது ஒரு வாரம் முன்பு. முன்கூட்டிக் கட்டினால் ஓடாத ஆபத்தும் கட்டியவருக்கே என்ற இங்கிலாந்து வழக்கப்படி மச்சான் பக்கம் நியாயம். இரண்டில் எது என்று கட்டும்போதே பேசியிருக்க வேண்டும், நீங்கள் பேசவில்லை. கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவு கதவை அடைத்துவிடுகிறது: பந்தயம் கட்டிய பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. அதே பிரிவு 500 ரூபாய்க்குக் குறையாத குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. ஓடி வாங்குகிற பரிசைச் சட்டம் மதிக்கிறது. ஓரமாக நின்று கட்டுகிற துட்டை மதிப்பதில்லை. ஆகவே என் தீர்ப்பு, இரண்டு பேரும் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இனி கட்டவே வேண்டாம். கடலில் இறங்குகிறவர்களுக்கு அன்றாடம் இருக்கிற பந்தயம் போதாதா?

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பரிசுப் பட்டியலுக்குக் கீழே மூன்று வரி சேருங்கள். பந்தயத்தன்று காலை கால்நடை மருத்துவர் எல்லா மாடுகளையும் பார்ப்பார்; அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்படி விலகும் வண்டிக்கு நுழைவுக் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும். விலகிய வண்டிக்காரரின் பேர் மைக்கில் மரியாதையோடு சொல்லப்படும். மூன்றாவது வரிக்குக் காசு செலவில்லை. ஆனால் நொண்டுகிற மாட்டை மறைத்துப் பூட்டுகிற ஆசையை அதுதான் முதலில் குறைக்கும். கட்டணம் திரும்பக் கிடைப்பது உடையவர் பைக்கு நல்லது. பேர் கெடாமல் இருப்பது அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழிக்கு நல்லது. பெரும்பாலும் ஆட்கள் பயப்படுவது அந்த வழியை நினைத்துத்தான்.

உங்கள் ஊர்ப் பந்தயங்களில் இப்படி ஏதாவது வழக்கம் ஏற்கெனவே இருந்தால் எழுதுங்கள். வேம்பார், சிப்பிக்குளம், ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் பழைய பந்தயங்களில் விலகிய வண்டிக்கு என்ன செய்தார்கள் என்று சொன்னால் அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன். யார் ஜெயித்தார்கள் என்பதை எல்லோரும் எழுதி அனுப்புகிறீர்கள். யார் தம் மாட்டை ஓட்டாமல் திரும்பக் கூட்டிப் போனார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஜெயித்தவர் பேருக்குப் பக்கத்திலேயே அதையும் அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்